சிறிய திரைக்கு ஒரு கோப்பு

வியாழக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்தத் தொலைபேசி அடித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்கு அடுப்பு மணிக்கூடுதான் காரணம். ரெக்ஸ்டேலில் அக்காவின் அப்பார்ட்மென்ற் குசினியில் நான் கடதாசிக் கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டதால், மின்கேத்தலை அந்த மூட்டாத அடுப்பின் மேலேயே வைத்திருந்தோம். கேத்தலின் ஆவி படிந்த கண்ணாடிக்குள் பச்சை இலக்கங்கள் மங்கலாகத் தெரிந்தன. அக்காவின் அப்பா முதல்நாள் விடியற்புறம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். கூடத்தில் வெள்ளைச் சீலை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டிருந்தார்கள்.

தொலைபேசியைப் பெரியப்பா எடுத்தார். அவர் இறந்தவரின் அண்ணன். அன்றிலிருந்து அந்த வீட்டின் எல்லாத் தீர்மானங்களும் அவருடையவை. மறுமுனையில் கிரியை செய்யவிருந்த குருக்கள். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் அபரக்கிரியை செய்யக்கூடிய குருக்கள்மாரை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒருவர் காலையில் மிசிசாகாவில் நிற்பார், பின்னேரம் ஸ்காபரோவில் நிற்பார். ஞாயிறு பின்னேரம் வேறொரு சாவீடு வந்துவிட்டது, அதனால் உங்களுடையதைக் காலைக்கு மாற்றுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்.

"ஞாயிறு ரெண்டு மணி சரிவராதாம்," பெரியப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சபைக்குச் சொன்னார். "காலமை ஒன்பதுக்குத் தொடங்கவேணுமாம். நல்லதாய்ப் போச்சு. சனமும் வெள்ளனக் கலையும். மண்டபக்காரரும் ஓம் எண்டிட்டாங்கள்."

யாருக்கும் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சுவரோடு சாய்ந்திருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். நான் அவருக்குத் தேநீரைக் கொடுத்தேன். அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி குடிக்காமல் இருந்தார்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் எனக்கு அவர் உறவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால், மீன் வாசம் சுவரில் ஊறிப்போன இரண்டு அறைகளில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நடந்தது. நான் அங்கே எழுத்துக் கோர்ப்பவள். கையால் எழுதி வரும் கட்டுரைகளையும் அறிவித்தல்களையும் தமிழில் அடித்துக் கொடுப்பேன். அக்கா பத்திரிகையின் இணையப் பக்கத்தைச் செய்தார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்து, இடையில் படிப்புக் குழம்பி, இங்கே வந்து பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டி, மாலையில் கல்லூரிக்குப் போய்க் கணினி படித்தவர். பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசுவார். முதலில் அதைத் தலைக்கனம் என்று நினைத்தேன். பின்னர்தான் விளங்கியது, அது கூச்சம். மேசையில் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு, இடது கையால் சாப்பிட முடியாதே என்பதற்காக கணினி எலியை இடது கையால் நகர்த்தப் பழகியிருந்தார்.

பத்திரிகை ஆசிரியர் நல்ல மனிதர், சத்தமான மனிதர். "பிள்ளை, உந்த இன்ரநெற்றை ஆர் பாக்கப்போகினம்? சனத்துக்குப் பேப்பர் வேணும், றோல்சைச் சுத்த," என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். அக்கா திரையைப் பார்த்தபடியே, "அண்ணை, உங்கடை ஆசிரியத் தலையங்கத்தைச் சுத்தித்தான் சனம் றோல்ஸ் திண்ணுது. நான் அந்தப் பாவத்தைக் குறைக்கிறன்," என்பார். ஆசிரியர் தொந்தி குலுங்கச் சிரிப்பார். ஆனால் இணையப் பக்கத்தைச் சனம் பார்க்கத்தான் செய்தது. செய்திக்காக அல்ல. மரண அறிவித்தலுக்காக. நோர்வேயிலும் பரிசிலும் லண்டனிலும் சிதறிக் கிடந்த சனம், ஊரில் யார் போனது, கனடாவில் யார் போனது என்று அறிய அந்தப் பக்கத்தைத்தான் திறந்தது. எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்; இல்லாவிட்டால் அறிவித்தல் முழுவதும் கோழி கிளறிய மண்போலத் தெரியும். அத்தனை சிரமத்தையும் பட்டுப் பார்த்தார்கள்.

பக்கத்தில் வாசகர்கள் எழுத ஓர் இடம் இருந்தது. பெயரோ முகவரியோ கொடுக்காமலும் எழுதலாம். ஒருநாள் அங்கே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு வந்திருந்தது. "பெரிய மனுசி செய்த பக்கம் வடிவு. ஆனா என்ரை ஸ்கிரீனிலை செத்தவையைத் தெரியுது, எங்கை எப்ப எண்டது தெரியேல்லை." ஆசிரியர் அதைச் சத்தமாக வாசித்து, எவனோ ஒரு விசரன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கழிவறைக்குள் நின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த விசரன் சொன்னது உண்மைதான். அக்கா அறிவித்தலை இரண்டு நிரலாக அமைத்திருந்தார். இடப்பக்கம் படமும் பெயரும் ஊரும் உறவுகளும். வலப்பக்கம் கிரியை நடக்கும் இடமும் நேரமும். எங்கள் அலுவலகத்தில் இருந்த அகலமான திரையில் அது ஒரு கல்யாண அழைப்பிதழைப்போல அழகாக நிற்கும். பழைய, சிறிய திரையில் வலப்பக்கம் வெளியே போய்விடும். பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அன்றைக்கே அக்கா உட்கார்ந்து இன்னொன்று எழுதினார். பக்கம் திறக்கும்போதே ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு மூன்று வரிகள், பார்க்கிறவரின் திரை எவ்வளவு அகலம் என்று விசாரிக்கும். அகலமான திரை என்றால் ஏற்கெனவே இருந்த கோப்பை இறக்கும். சிறிய திரை என்றால் புதிய கோப்பை இறக்கும். புதிய கோப்பில் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்று: பெயர், ஊர், இடம், நேரம். அறிவித்தலின் சொற்கள் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே இருந்தன. ஆகவே ஒவ்வொரு அறிவித்தலையும் அவர் இரண்டு தரம் எழுதினார்.

"ஏனக்கா ரெண்டு வேலை?" என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன்.

"பெரிய சட்டிக்காரருக்கும் சின்னக் கோப்பைக்காரருக்கும் ஒரே அகப்பையாலை ஊத்தேலுமே? சின்னக் கோப்பையிலை ஊத்தினா நிலத்திலைதான் போகும்," என்றார் திரையைப் பார்த்தபடி.

என்னைத் தவிர அலுவலகத்தில் எவருக்கும் இரண்டாவது கோப்பு இருப்பது தெரியாது. எங்கள் எல்லோருடைய திரைகளும் அகலமானவை. எங்கள் கண்ணுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. எனக்குக்கூட அவர் அந்தச் சட்டிக் கதையைத்தான் சொன்னார். யாருக்காக என்று சொல்லவில்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். நான் கண்டதில்லை. அம்மா ஊரிலேயே போனபின் அப்பாவையும் தம்பியையும் அக்காதான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டிருக்கிறார். தம்பி இங்கே வந்து, மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண்ணைத் தேவாலயத்தில் வைத்துக் கல்யாணம் செய்தான். அப்பா போகவில்லை, அக்காவையும் போகவிடவில்லை. "கோயிலிலை வைச்சுத் தாலி கட்டாதவன் எனக்குக் கொள்ளி வைக்கவும் வரத்தேவையில்லை," என்று சபையில் சொல்லிவிட்டார். கோபத்தில் வரும் சொல்தான். ஆனால் பெரியப்பா அதைச் சட்டமாக்கி வைத்துக்கொண்டார். தம்பி பெண்சாதியோடு வடக்கே திமின்ஸ் பக்கம் போய், ஒரு மோட்டலின் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தான் என்று யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். தொலைபேசி எண் இல்லை. வீட்டில் அவன் பெயரைச் சொன்னால் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார்.

சின்ன வயதில் அக்கா கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவன் வைத்த பட்டம்தான் "பெரிய மனுசி". பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அதைக் கண்டு எழுதியிருக்கிறான். மோட்டல் மேசையில் ஒரு பழைய கணினி இருந்திருக்கவேண்டும். வருகிறவர்களின் பெயரைப் பதியும் கணினி. ஆள் வராத பொழுதுகளில் அவன் அந்தச் சிறிய திரையில் எங்கள் மரண அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஏன் பார்த்தான் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அப்பாவின் பெயர் அங்கே இல்லை என்பதை உறுதிப்படுத்தத்தான் பார்த்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். வேறு எந்த வழியில் அவன் அப்பாவின் சுகத்தை விசாரிக்க முடியும்?

அக்கா அவனுக்குப் பதில் எழுதவில்லை. எழுத முகவரி இல்லை. எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால் பெரியப்பாவின் காதுக்குப் போகும். அவருடைய பதில் அந்தக் கோப்புத்தான். சிறிய கோப்பை யாராவது இறக்கினால் அது பதிவாகும். சனிக்கிழமைகளில் அக்கா அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பார், சில நாட்களில் முகம் தெளிந்து தேநீர் போட எழுவார். உலகத்தில் சிறிய திரை வைத்திருந்தவன் அவன் ஒருவன் மட்டுமல்லவே. அது அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கேட்க எனக்கு அந்த நேரம் காரணம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை அப்பா போனதும் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தார். மழையில் நனைந்த கோட்டைக் கழற்றாமலே கணினியின் முன் இருந்தார். ஆசிரியருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "ஐயோ பிள்ளை, நீ ஏன் இஞ்சை, எழும்பு, எழும்பு," என்று பதறினார். "அண்ணை, இது மட்டும் நான் போடுறன்," என்றார் அக்கா. அப்பாவின் அறிவித்தலைத் தன் கையால் அடித்தார். இரண்டு கோப்பிலும் போட்டார். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி என்று இரண்டிலும் எழுதினார். சிறிய கோப்பில் மட்டும், நேரத்துக்குக் கீழே, அகலத் திரைக்காரர் எவரும் காணாத ஒரு வரியைச் சேர்த்தார்: "தம்பி, அப்பா கடைசியாய் உன்ரை பேரைத்தான் சொன்னவர். நீ வந்துதான் கொள்ளி."

அந்த வரியைப் பற்றிப் பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். "உண்மையாய்ச் சொன்னவரோ அக்கா?" என்று கேட்டேன். அக்கா அப்போது முதல்தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார். "வாயிலை குழாய் வைச்சிருந்தவங்கள். என்னத்தைச் சொல்லுறது. ஆனா சொல்ல ஏலுமெண்டா அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும்."

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். கிரியை நேரம் மாறிய செய்தியை யாரோ உடனேயே பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள் அது. மதியத்துக்குமுன் ஆசிரியரே வீட்டுக்கு வந்தார், கையில் இடியப்பப் பொதிகளோடு. அக்கா அவரைக் கண்டதும் எழுந்து, கதவடியில் கிடந்த சப்பாத்துக்குள் காலை விட்டார்.

"நான் ஒருக்கா ஒபிசுக்குப் போட்டு ஓடிவாறன்."

"எங்கை?" என்றார் பெரியப்பா. "செத்த வீட்டுத் துடக்கோடை எங்கை போறாய்? நேற்றுப் போனதே பிழை. நாலு சனம் வந்து போற இடம். அவங்கடை மேசையிலை சாமிப்படமும் இருக்கு."

"பத்து நிமிசம்தான் பெரியப்பா. நேரம் மாத்தவேணும்."

"பிள்ளை, இரு பிள்ளை," என்று ஆசிரியர் அவர் தோளில் கைவைத்தார். "செத்த வீட்டுப் பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுற அளவுக்கு நான் கல்நெஞ்சனே? பேப்பரிலை மாத்தியாச்சு. நெற்றிலையும் நானே மாத்தினன். நீ காட்டித் தந்த மாதிரித்தான் செய்தனான். திறந்து பாத்தனான். ஒன்பது மணி எண்டு வடிவாய் நிக்குது. என்ரை கண்ணாலை பாத்தன்."

அவர் பொய் சொல்லவில்லை. தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கணினிக் கோப்பைத் திறந்து, இரண்டு என்ற இடத்தில் ஒன்பது என்று போட்டு, அதைத் திரும்ப ஏற்றி, திரையில் பார்த்து உறுதி செய்துவிட்டு, இடியப்பமும் வாங்கிக்கொண்டு வந்த மனிதர் அவர். அவருடைய அகலமான திரை அவருக்கு ஒன்பது மணி என்றுதான் காட்டியது. சிறிய கோப்பில் இரண்டு மணி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அந்த ஒரு வரியும் இருந்தது.

அக்கா ஒரு காலில் சப்பாத்தோடு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அதைக் கழற்றிவிட்டு வந்து சுவரோடு இருந்தார். இரண்டு இரவு நித்திரை இல்லாத மனிசி. "பாத்தன் எண்டு அவர் சொன்னவுடனை எனக்கு அப்பிடியொரு ஆறுதல்," என்று பின்னர் சொன்னார். "எதிலை பாத்தவர் எண்ட யோசினை மூளைக்குள்ளை வரவேயில்லை. என்ரை கையாலை மாத்தியிருந்தா யோசிக்கவே தேவையில்லையடி. கை தன்ரை பாட்டிலை ரெண்டாவதையும் திறந்திருக்கும்."

இரண்டாவது கோப்பு எனக்கும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அங்கே இருந்த எவரும் கெட்டவர்கள் இல்லை. துடக்கு என்று தடுத்தவரும், ஆறுதல் சொன்னவரும், இடியப்பம் கொண்டுவந்தவரும், பக்கத்தில் அழுதுகொண்டிருந்த நாங்களும் அக்காவைப் பாரம் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் செய்யும் பெரிய உதவியே அதுதானே: நீ ஒன்றும் செய்யாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி ஒருதரம் அடித்தது. பெரியப்பா எடுத்தார். "ஹலோ... ஹலோ... ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, "கதைக்கினமில்லை," என்று வைத்துவிட்டார். அக்கா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாராகவும் இருந்திருக்கலாம். சனி மாலை மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். வரிசையாகச் சனம் வந்தது. ஒவ்வொருமுறை கதவு திறந்தபோதும் அக்காவின் தலை திரும்பியது. வந்தவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர் அவர்களுடைய தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தார். நான் அதைப் பித்துப் பிடித்த துக்கம் என்று நினைத்தேன். கடைசிச் சனமும் போனபின் என் காதோடு, "அவன் சனத்துக்குள்ளை வரமாட்டான். நாளைக்குத்தான் வருவான்," என்றார். எவன் என்று கேட்டேன். தம்பி என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிறு காலை சிறு பனி தூறியது. ஒன்பது மணிக்குக் குருக்கள் தொடங்க ஆயத்தமாகிவிட்டார். அக்கா அவரிடம் போய், கொஞ்சம் பொறுங்கோ, ஓராள் வரவேணும் என்றார். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஆனாலும் பொறுத்தார். மனிதர்கள் கதிரைகளில் நெளிந்தார்கள். பெரியப்பா எழுந்து வந்தார்.

"ஆருக்காகப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அவன் வாறதெண்டா நேற்றே வந்திருப்பான். பேப்பரிலை போட்டுக் கிடக்கு, உன்ரை நெற்றிலை போட்டுக் கிடக்கு. நேரம் தெரியாமலே நிக்கிறான்? தெரிஞ்சும் வரேல்லை. செத்த தேப்பனோடையும் கோபம் பாக்கிறவனை நீ என்னெண்டு தம்பி எண்டுறாய்?"

அக்கா இன்னொருதரம் கதவைத் திரும்பிப் பார்த்தார். நேரம் அவனுக்குத் தெரியும் என்று அவரும் நம்பினார், அதுதான் கொடுமை. தம்பி அந்த வரியை வாசித்தும் வரவில்லை என்று அந்த நிமிடத்தில் அவர் முடிவு செய்ததை நான் அவர் முகத்தில் கண்டேன். பெரியப்பாவின் மகன் பூணூலை மாற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். எரியூட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்துவதுதான் இந்த ஊரில் கொள்ளி. பெரியப்பாவின் மகன் அழுத்தினான். அக்கா அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மகள் இப்போது கல்கரியில் இருக்கிறாள். அவளுக்கும் இந்தக் கணினி வேலைதான். ஒருநாள் இந்தக் கதையின் ஒரு துண்டை, தம்பியைச் சொல்லாமல், கோப்புகளை மட்டும் சொன்னேன். "அம்மா, இப்ப ஆரும் அப்பிடி ரெண்டா எழுதமாட்டினம். ஒரே பேஜ், ஸ்கிரீனுக்கு ஏத்தமாதிரித் தானா அட்ஜஸ்ட் ஆகும். எல்லாரும் சேம் திங்தான் பாக்கினம். யூ வொறி ரூ மச்," என்றாள். ஓம் என்றேன். ஆனால் அவள் வருவதாக இருந்தால் விமான நேரத்தை எழுத்தில் அனுப்பினால் எனக்குப் போதாது. தொலைபேசி எடுத்து வாயால் சொல்லவேண்டும். நான் திருப்பிச் சொல்ல அவள் ஓம் என்னவேண்டும். அவளோடு கோபமாக இருக்கும் நாட்களில் இன்னும் மோசம். எங்களுக்குள்ளும் ஒரு கோபம் வந்தது, அவளுடைய கல்யாண விஷயமாகத்தான். அது என்ன என்று இங்கே சொல்லத் தேவையில்லை. நான் என் நாக்கை எத்தனைதரம் கடித்தேன் என்பதை மட்டும் சொல்லலாம். சபையில் விடும் ஒரு சொல்லை யாரோ சட்டமாக்கி வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கு அக்காவின் வீட்டில் பிடித்தது. அது இன்றைக்கும் விடவில்லை.

அக்கா அந்தச் செத்த வீட்டுக்குப் பிறகு பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் தொடவில்லை. ஆசிரியருக்கு ஒரு குறையும் சொல்லாமல், விமான நிலையத்தில் பொதிகள் பிரிக்கும் வேலைக்குப் போனார். ஆசிரியர் என்ன நடந்தது என்று கடைசிவரை அறியவில்லை. அறியவிட வேண்டாம் என்று அக்கா என்னிடம் கேட்டிருந்தார். ஆசிரியரும் போய்விட்டார். அக்காவும் போன மாரியில் போய்விட்டார். அந்த அறிவித்தல் என் கைபேசிக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் திரை, எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக. நான் அதை நம்பாமல் அடியில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து நேரத்தைக் கேட்டேன். எடுத்தது தம்பி. அவன் நேரத்தை இரண்டுதரம் சொன்னான்.

அந்த ஞாயிறின் மீதியை எழுதாமல் விடமுடியாது. எல்லாம் முடிந்து, சனம் குளிக்கவும் சாப்பிடவும் வீட்டுக்குப் போனபின், மண்டபத்தில் விட்ட படத்தையும் விளக்கையும் எடுக்க அக்காவை நான்தான் காரில் கூட்டிவந்தேன். பெரியப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார்; அக்கா கேட்கவில்லை. கார்த் தரிப்பிடம் வெறுமையாக இருந்தது. காலையில் சனம் மிதித்த பனி சேறாகி, திரும்பவும் அதன்மேல் வெள்ளை படிந்துகொண்டிருந்தது. படத்தை நான் பின் இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கார் உள்ளே திரும்பியது. பக்கமெல்லாம் உப்பு அப்பி, அதன் நிறமே தெரியவில்லை. முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் நித்திரையான குழந்தை. ஓட்டிவந்தவன் இறங்கினான். பாரமான மாரிக் கோட்டு. அதன்கீழே வெள்ளை வேட்டி. வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்து. தலையும் மீசையும் அன்று காலைதான் மழித்திருக்கவேண்டும், தோல் சிவந்து அங்கங்கே கீறியிருந்தது. வழியில் எங்கோ பெற்றோல் நிலையத்தில் நின்று உடுத்திருப்பான். வேட்டியின் மடிப்புக் கலையவில்லை.

அக்கா விளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவன் வெறுமையான தரிப்பிடத்தைப் பார்த்தான். மூடிய கதவைப் பார்த்தான். கோட்டுக் கையை இழுத்து மணிக்கூட்டைப் பார்த்தான். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, தூரத்திலிருந்து பள்ளிக்கு ஓடிவந்து மணி அடிக்கமுன் வாசலைத் தொட்ட பிள்ளையின் முகம்.

"அக்கா," என்றான், மூச்சு வெள்ளையாகப் பறக்க, "சனம் ஒண்டும் இன்னும் வரேல்லைப் போலை. நான் நேரத்துக்கு வந்திட்டன்தானே?"